கரண்ட் இல்லாதப்ப பேசுற ரேடியோ

எங்கள் வீட்டில் மூன்று பேண்ட் ரேடியோ ஒன்று இருக்கிறது. ஒரு மத்திய அலை, ரெண்டு சிற்றலை. நாலு பெரிய பேட்டரிக் கட்டை போட வேண்டும். தோல் உறை கிழிஞ்சு, பிடி உடைஞ்சு, ஏரியல் பாதியில் முறிஞ்ச பெட்டி. பழைய சாமான்காரரிடம் போட்டால் ரெண்டு பிளாஸ்டிக் டப்பா கூடத் தரமாட்டார். இதைச் சரி பண்ண நாலு மாசம் மெனக்கெட்டேன் என்றால், டவுனில் இருக்கும் சிநேகிதர்கள் சிரிக்கிறார்கள். "போன்லயே உலகத்து ரேடியோ எல்லாம் வருதே" என்கிறார்கள். வருவது வாஸ்தவம்தான். ஆனால் எங்க ஐயனுக்கு அது உதவாது.

கொங்குப் பக்கம் அப்பாவை ஐயன் என்றுதான் சொல்வோம். ஐயனுக்கு எண்பது தாண்டிவிட்டது. கண்ணில் பிரஷர் வந்து நரம்பு போய்விட்டது. புரை என்றால் எடுத்துவிடலாம், இது போனால் போனதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வெளிச்சம் எந்தப் பக்கம் என்று மட்டும் தெரியும். என் பையன் அவருக்கு ஒரு போன் வாங்கி, அதில் ரேடியோ எல்லாம் ஏத்திக் கொடுத்தான். கண்ணாடியை எங்கே தடவினாலும் ஒரே மாதிரிதானே இருக்கிறது, அவர் எதைத் தொட்டு எதைத் திறப்பார்? "கண்ணு, இதைக் கொஞ்சம் போட்டுக் குடு" என்று நாளைக்கு நாலு தடவை கேட்டார். அப்புறம் ரெண்டு தடவை. அப்புறம் கேட்பதையே விட்டுவிட்டார். திண்ணையில் சும்மா உட்கார்ந்திருப்பார். எனக்குக் கலக்கமாக இருந்தது அதைப் பார்த்துத்தான். கண் போனபோது கூட அவர் அப்படி உட்காரவில்லை.

ரேடியோ அப்படி இல்லை. திருகினால் 'டக்' என்று ஆன் ஆகும். எந்தக் குமிழ் எங்கே என்று விரலுக்குத் தெரியும். யாரையும் கேட்க வேண்டியதில்லை.

ஐயனுக்கும் சிற்றலைக்கும் உள்ள உறவு பழசு. ரேடியோ வைத்திருக்க தபால் ஆபீசில் லைசென்ஸ் கட்டிய காலத்து ஆள். அந்த லைசென்ஸ் புத்தகம் இன்னமும் டிரங்குப் பெட்டியில் கிடக்கிறது. விவசாயிக்கு ரேடியோ எவ்வளவு முக்கியமாக இருந்தது என்பதற்கு ஒரு சேதி சொல்லுவார். அறுபதுகளில் தஞ்சாவூர்ப் பக்கம் வந்த ஆடுதுறை 27 நெல்லுக்கு ஜனங்கள் வைத்த பெயரே 'ரேடியோ நெல்'. திருச்சி வானொலியில் கேட்டுத்தான் நட்டார்கள். எங்கள் பக்கம் மஞ்சளும் கரும்பும் என்பதால் ரேடியோ நெல் வரவில்லை, ரேடியோ வந்தது.

பகலில் இலங்கை வானொலிப் பாட்டு. ராத்திரி ஒன்பதே காலுக்கு லண்டன் பிபிசி தமிழோசை. அது ரெண்டாம் உலகப்போர் சமயத்தில், 1941-இல் ஆரம்பித்த ஒலிபரப்பு. அப்புறம் சீன வானொலியின் தமிழ் ஒலிபரப்பு, 1963-இல் தொடங்கியது. சீனாக்காரர்களே தமிழ்ப் பெயர் வைத்துக்கொண்டு சுத்தத் தமிழில் சேதி வாசிப்பார்கள். "நம்மூருப் பசங்களை விட நல்ல தமிழு" என்பார் ஐயன்.

இந்த நிலையங்களுக்கெல்லாம் அவர் கடிதம் போடுவார். நிகழ்ச்சி எப்படி விழுந்தது என்று எழுதி அனுப்பினால், அங்கிருந்து படம் போட்ட அட்டை ஒன்று வரும். அதை எழுத ஒரு கணக்கு உண்டு, 'சின்போ' என்று பேர். ஐந்து விஷயத்துக்கு மார்க் போட வேண்டும். சிக்னல் பலம், பக்கத்து நிலையத்தின் குறுக்கீடு, இரைச்சல், அலை ஏறி இறங்குவது, கடைசியில் மொத்தமாக எப்படி. ஒவ்வொன்றுக்கும் அஞ்சுக்கு இத்தனை. அஞ்சு என்றால் சுத்தம், ஒண்ணு என்றால் தேறாது. நாப்பது வருஷம் மார்க் போட்ட காது அது. இந்த வேலையில் எனக்கு உதவிய முக்கியமான கருவி அந்தக் காதுதான்.

2017 ஏப்ரல் 30-ஆம் தேதியோடு தமிழோசை சிற்றலை நின்றது. மறுநாள் ஒன்பதே காலுக்கு ஐயன் அதே இடத்தில் முள்ளை வைத்து ஐந்து நிமிஷம் இரைச்சலைக் கேட்டுவிட்டு அணைத்தார். சீன வானொலியும் வத்திக்கான் வானொலியும் அதற்கப்புறமும் தமிழில் வந்தன. ஆனால் எங்கள் பெட்டியில் அதுவும் சரியாக விழவில்லை. எந்த மீட்டரில் வைத்தாலும் 'உய்ங்' என்று ஒரு ரம்பச் சத்தம். டவுனில் ஒரு கடையில் காட்டினேன். பெட்டி போச்சு, புதுசு வாங்கிக்குங்க என்றார்கள்.

ஐயன் ஒத்துக்கொள்ளவில்லை. "பெட்டி செத்திருந்தா கரண்ட் இல்லாதப்ப எப்படிடா பேசும்?" என்றார்.

எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. 2012-இல் பவர் கட் பாடாய்ப் படுத்திய காலம் உங்களுக்கும் மறந்திருக்காது. ஊரே இருட்டில் கிடக்கும், கொசு பிடுங்கும், மோட்டார் ஓடாது, எல்லோரும் திட்டிக்கொண்டிருப்போம். ஐயன் மட்டும் திண்ணையில் ரேடியோவை வைத்துக்கொண்டு சந்தோஷமாக இருப்பார். கரண்ட் வந்ததும் முகம் சுருங்கும். அவர் அப்பவே கண்டுபிடித்துவிட்டார். நாங்கள்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சோதித்துப் பார்த்தோம். வீட்டில் வைத்துக் கேட்டோம்: இரைச்சலுக்கு ஐயன் ஒண்ணு போட்டார். மெயின் சுவிட்சை அணைத்தேன்: ரெண்டரை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு மஞ்சள் காட்டுக்கு நடுவே, வீட்டிலிருந்து எட்டிப் போய் வைத்தோம்: மூணு. பெட்டி மேல் பாதிக் குற்றம் கூட இல்லை. குற்றம் எங்கள் வீட்டு மேலேயும் ஊர் மேலேயும்தான்.

ரேடியோவை நல்லா கேட்க வைக்கணும் என்றால் பெரிய ஏரியல் கட்டணும் என்றுதான் எல்லோரும் நினைப்போம். கல்யாண வீட்டில் கெட்டி மேளம் அடிக்கும்போது காதோரம் ஒருவர் பேசினால் கேட்குமா? அவர் இன்னும் கத்துவதை விட மேளத்தை நிறுத்துவதுதான் வழி. இரைச்சல் இருக்கிற இடத்தில் ஏரியலை நீட்டினால் சிக்னலோடு இரைச்சலும் சேர்ந்து ஏறும்.

இரைச்சல் எங்கிருந்து வருகிறது? பழைய குண்டு பல்பு, பழைய டிரான்ஸ்பார்மர் அடாப்டர் எல்லாம் சத்தம் போடாது. இப்போது வரும் எல்.இ.டி பல்பு, போன் சார்ஜர், டிவி டப்பாவின் அடாப்டர் எல்லாவற்றுக்குள்ளும் கரண்டை நொடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டிக் கொடுக்கும் சர்க்யூட் இருக்கிறது. அதனால்தான் அவ்வளவு சின்னதாக, சூடாகாமல் இருக்கிறது. வெட்டுகிற வேகம் அதிகம் என்பதால் அதன் எதிரொலி அடுக்கடுக்காக மேலே போய் சிற்றலை முழுக்கப் பரவும். ஒழுங்காகச் செய்த பல்பில் இதைத் தடுக்க ஒரு காயிலும் கண்டென்சரும் வைத்திருப்பார்கள். விலை குறைக்கும்போது முதலில் காணாமல் போவது அதுதான். வீட்டு ஒயர் முழுக்க இந்தச் சத்தத்துக்கு ஏரியலாகிவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் வேட்டையில் இறங்கினோம். ஐயன் 31 மீட்டரில் ஒரு மெல்லிசான நிலையத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தார். நான் மெயினில். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டேன்.

"இப்ப?"

"ரெண்டரை."

"இப்ப?"

"ஒண்ணு. அதை அணை, அதை அணை!"

அது கட்டுத்தரையில் மாட்டுக்குப் போட்ட பல்பு. சந்தையில் நாலு வாங்கினால் ஒன்று இலவசம் என்று வாங்கி வந்தது. வீட்டுக்குள் அதே மாதிரி இருக்கும் வேறொரு பல்புக்கு அவர் முகமே மாறவில்லை. வெளியே பார்க்க ரெண்டும் ஒன்றுதான், உள்ளே வேறு. போன் சார்ஜர்களில் ரெண்டு மோசம், ஒன்று பரவாயில்லை. டிவி டப்பாவை ரிமோட்டில் அணைத்தாலும் அதன் அடாப்டர் கத்திக்கொண்டே இருந்தது, பிளக்கைப் பிடுங்கினால்தான் அடங்கியது. கிணற்று மோட்டாருக்கு போனிலேயே ஆன், ஆஃப் செய்கிற ஸ்டார்ட்டர் பெட்டி வைத்திருக்கிறேன், அதுவும் ஒரு பங்கு கொடுத்தது.

கத்துகிற பல்புகளை மாற்றினேன். மாற்ற முடியாதவற்றின் ஒயரை ஃபெரைட் வளையத்துக்குள் ஐந்தாறு சுற்று சுற்றினேன். கம்ப்யூட்டர் ஒயரில் குண்டாக ஒரு உருண்டை இருக்குமே, அதுதான் ஃபெரைட். எலெக்ட்ரானிக்ஸ் கடையில் பிளந்து மாட்டுகிற மாதிரியும் கிடைக்கிறது. சத்தம் போடும் சாமானுக்கு எவ்வளவு பக்கத்தில் மாட்டுகிறோமோ அவ்வளவு நல்லது. மெயின் ஒயரைத் தொடுகிற வேலை என்றால் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் செய்யணும், சொல்ல வேண்டியதில்லை.

அதற்கப்புறம்தான் பெட்டியைத் திறந்தேன். எங்கள் டவுனில் முன்னே ரேடியோ மெக்கானிக்காக இருந்த அண்ணன் ஒருவர் இப்போது மிக்ஸி ரிப்பேர் பார்க்கிறார். அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு செய்தேன். திறந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை: "மெழுகு வச்ச இடத்துல கை வைக்காதீங்க." உள்ளே சின்னச் சின்னத் தகர டப்பாக்கள் தலையில் மஞ்சள், வெள்ளை, கருப்பு நிறத்தில் இருக்கும். காயில் மேலே மெழுகு ஊற்றியிருக்கும். திருப்புளி வைத்துத் திருகிப் பார்க்கத் தோன்றும். ஒரு சுற்று திருகினால் கம்பெனியில் கருவி வைத்துச் சேர்த்த சுதி கலைந்துவிடும். கருவி இல்லாமல் திரும்பச் சேர்ப்பது கஷ்டம். வீட்டில் கெட்டுப்போகிற ரேடியோவில் பாதி இப்படித் திருகித்தான் கெடுகிறது என்றார்.

செய்யக்கூடிய வேலை மூன்று. ஒன்று, சுத்தம். பேட்டரி ஸ்பிரிங்கில் பச்சையாகப் பூத்திருந்ததை வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்து, ஈரம் போகக் காயவைத்து, உப்புத்தாள் போட்டோம். சவுண்ட் குமிழ், பேண்ட் மாற்றும் சுவிட்ச் ரெண்டுக்கும் கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரே அடித்து இருபது முப்பது தடவை முன்னும் பின்னும் திருப்பினோம். 'கரகர' போய்விட்டது. ரெண்டாவது, கண்டென்சர். உருளை வடிவ எலெக்ட்ரோலிட்டிக் கண்டென்சர் வருஷக்கணக்கில் உள்ளே காய்ந்துவிடும். அதனால்தான் சத்தம் கூட்டினால் பெட்டி மோட்டார் படகு மாதிரி 'புடுபுடு' என்றது. ஆறு கண்டென்சர் மாற்றினோம். மைக்ரோபேரட் அளவு பழசில் எழுதியிருப்பதே இருக்க வேண்டும், வோல்ட் கூடினால் பரவாயில்லை, குறையக் கூடாது. பிளஸ், மைனஸ் மாறக் கூடாது. மொத்தச் செலவு ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு கூட இல்லை. மூன்றாவது, பழைய சால்டர் விரிசல் விட்ட இடங்களைத் திரும்ப ஒட்டியது. ஏரியல் கம்பி போர்டில் சேரும் இடமே பாதி விட்டுப் போயிருந்தது.

அடுத்தது ஏரியல். முறிந்த கம்பிக்குப் பதில் கடையில் கிடைத்த இன்னொரு நீட்டுக் கம்பி போட்டாச்சு. அது வீட்டுக்குள் வைத்துக் கேட்பதற்கு. வெளியே தோட்டத்துப் பக்கம், தென்னைக்கும் வேம்புக்கும் நடுவே ஏழு மீட்டர் ஒயர் கட்டினோம். நீளத்தை விட முக்கியம் அது வீட்டு ஒயரிங்கை விட்டு எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது. கரண்ட் கம்பிக்கு மேலேயோ கீழேயோ, அறுந்தால் விழுகிற தூரத்திலோ கட்டவே கூடாது.

அந்த ஒயரை அப்படியே வீட்டுக்குள் இழுத்தால் வீட்டுக்குள் இருக்கும் இரைச்சலை அது வாங்கிக்கொள்ளும். அதனால் ஏரியல் முனையிலிருந்து திண்ணை வரைக்கும் டிவி கேபிள் போட்டோம். நடுவில் ஒரு சின்ன டிரான்ஸ்பார்மர் வேண்டும். ஃபெரைட் வளையம் ஒன்றில் ஏரியல் பக்கம் ஒன்பது சுற்று, கேபிள் பக்கம் மூன்று சுற்று. ரெண்டு சுற்றும் ஒன்றை ஒன்று தொடக் கூடாது. ஏரியல் சுற்றின் இன்னொரு முனையை, அங்கேயே மண்ணில் அடித்த செம்புக் கம்பிக்குக் கொடுத்தோம். இப்படிப் பிரித்து வைத்தால் கேபிளின் மேல் வலை வழியாக வீட்டு இரைச்சல் ஏறி ஏரியலுக்குப் போகாது. கம்ப்யூட்டர் பவர் சப்ளையில் மஞ்சள் நிறத்தில் ஒரு வளையம் கிடைக்கும், அது இந்த வேலைக்கு ஆகாது. சாம்பல் நிற ஃபெரைட்தான் வேண்டும்.

இதிலும் ஒரு சங்கதி. கேபிளை நேராக நீட்டுக் கம்பியில் மாட்டினால் சின்னப் பெட்டி தாங்காது. உள்ளூர் மத்திய அலை நிலையமே சிற்றலையில் நாலு இடத்தில் பேயாக வந்து பேசும். நடுவில் நூறு பிகோபேரட் கண்டென்சர் ஒன்று வைத்தால் அடங்குகிறது. அது கூட இல்லையென்றால், ரப்பர் உறையோடு இருக்கும் ஒயரை ஏரியல் கம்பி மேல் ஆறேழு சுற்று சுற்றிவிட்டாலே போதும். செம்பு தொட வேண்டியதில்லை. கோடை மழை இடிக்கிற அறிகுறி தெரிந்தால் கேபிளைப் பெட்டியிலிருந்து கழற்றி வெளியே போட்டுவிட வேண்டும். இதில் மட்டும் சோம்பல் ஆகாது.

கரண்டுக்கு அடாப்டர் போட்டால் அதுவே இரைச்சல். பேட்டரிக் கட்டை வாங்கிக் கட்டுப்படியாகவில்லை. எமர்ஜென்சி லைட்டில் இருக்கும் ஆறு வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி ஒன்றை, ஒயரில் சின்ன ஃபியூஸ் வைத்து, பெட்டிக்குக் கொடுத்தோம். நாலு கட்டைக்கும் ஆறு வோல்ட்தான். பகலில் சின்ன சோலார் தகட்டில் ஏறும். சாயந்திரம் தகட்டின் பிளக்கைக் கழற்றிவிட்டுத்தான் ரேடியோ. கழற்றுகிற வேலையும் ஐயனே செய்கிறார்.

அவருக்காக இன்னும் ரெண்டு வேலை செய்தேன். நிலையம் பிடிக்கிற குமிழ் சின்னது. சிற்றலையில் மயிரிழை நகர்ந்தால் நாலு நிலையம் தாண்டிவிடும். ஊறுகாய் பாட்டில் மூடியை அந்தக் குமிழ் மேல் நடு பார்த்து ஒட்டினேன். வட்டம் பெரிசானதும் விரல் ஒரு அங்குலம் நகர்ந்தால்தான் முள் கொஞ்சம் நகர்கிறது. அப்புறம் டயல் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அவர் கேட்கும் இடங்களில் எம்-சீல் வைத்துக் கடுகளவு பொட்டு வைத்தேன். 25 மீட்டருக்கு ஒரு பொட்டு, 31-க்கு ரெண்டு, 41-க்கு மூணு. முள்ளை விரலால் தொட்டே கண்டுகொள்கிறார். பகலில் சின்ன மீட்டர், ராத்திரி ஏற ஏற பெரிய மீட்டர். அலை மேலே வானத்தில் பட்டுத் திரும்பி வருகிற கணக்கு அது. அவருக்கு அது மனப்பாடம்.

இவ்வளவும் செய்து இரைச்சலுக்கு மூணு போட்டார். ரம்பம் போய்விட்டது. அதற்குக் கீழே மறைந்திருந்த வேறொரு சத்தம் இப்போது தெரிந்தது. நொடிக்கு ஒரு தடவை 'டிக்... டிக்... டிக்'. மெயினை அணைத்தாலும் நிற்கவில்லை.

"இது வேலிடா" என்றார் ஐயன்.

பக்கத்துத் தோட்டத்து மாமா காட்டுப்பன்றிக்குப் பயந்து சோலார் மின்வேலி போட்டிருக்கிறார். பேட்டரியில் ஓடுகிற பெட்டி, நொடிக்கு ஒரு தடவை ஒரு துளி அதிர்ச்சி மட்டும் கொடுக்கும், உயிர் போகாது. (லைன் கம்பியிலிருந்து நேராக வேலிக்குக் கரண்ட் கொடுப்பது வேறு. அது சட்டப்படி குற்றம், ஆளையும் யானையையும் கொல்லும்.) சரியாக இருக்கும் வேலி ரேடியோவில் இவ்வளவு சத்தம் போடாது. எங்கேயோ கம்பியிலிருந்து பொறி தாவுகிறது என்றால்தான் இப்படி அடிக்கும்.

மாமாவிடம் போய் "உங்க வேலியால எங்க ரேடியோ கேக்கல" என்று எப்படிச் சொல்வது? அவருக்கு அந்த வருஷம் நிலக்கடலையில் பாதி பன்றி தின்றுவிட்டது. வேலி இருந்தும் வருதே என்று நொந்துபோயிருந்தார். ஐயன்தான் வழி சொன்னார். "அவனுக்கு வேலி ஒழுகுது, நமக்கு ரேடியோ கத்துது. ரெண்டும் ஒரே வியாதி. நான் வந்து கண்டுபிடிச்சுத் தரேன்னு சொல்லு."

மறுநாள் விடியக்காலை, பனி ஈரம் காய்வதற்குள் போனோம். ஈரத்தில்தான் ஒழுக்கு நன்றாகத் தெரியும். ரேடியோவை மத்திய அலைக்கு மாற்றி, நிலையம் இல்லாத இடத்தில் முள்ளை வைத்து, தோளில் மாட்டிக்கொண்டார். மத்திய அலைக்குப் பெட்டிக்குள்ளேயே ஃபெரைட் தடி ஏரியல் இருக்கிறது. பெட்டியைச் சுழற்றினால் ஒரு திசையில் சத்தம் மங்கும். அந்தத் தடியின் முனை சத்தம் வரும் திக்கைப் பார்க்கும்போது அப்படி ஆகும். நான் கையைப் பிடித்துக்கொள்ள, வரப்பில் வேலி ஓரமாக நடந்தார். மாமா பின்னாலேயே வந்தார், நம்பிக்கை இல்லாமல்.

"ஏனுங் மாமா, இந்தக் கண்ணு தெரியாதவர..." என்று அவர் ஆரம்பித்தார், பாதியில் நிறுத்திக்கொண்டார்.

ஐயன் பதில் சொல்லவில்லை. வடக்கு மூலைக்குப் போகப் போக 'டிக்' பெரிதானது. ஓரிடத்தில் நின்றார். நாலடி முன்னே போனார், பின்னே வந்தார். "இங்கதான். பாருங்க."

கோவைக்கொடி கம்பத்தில் ஏறி ரெண்டு கம்பியையும் பின்னிக் கிடந்தது. அதை விலக்கினால் பீங்கான் குமிழில் விரிசல், அதில் கருகிய கோடு. அதைத் தாண்டிப் போகும் கம்பியில் வேகமே இல்லை. பன்றி வந்ததும் அந்தப் பக்கம்தான். கொடியை வெட்டி, குமிழை மாற்றியதும் ஐயன் பெட்டியைக் காதில் வைத்துக் கேட்டார். தூரத்தில் எங்கேயோ முணுக் முணுக்கென்று இருந்ததே ஒழிய அடி இல்லை.

மாமா சும்மா இருக்கவில்லை. டீக்கடையில் சொல்லியிருக்கிறார். இப்போது மழை விட்ட மறுநாள் யாராவது ஒருவர் திண்ணைக்கு வந்துவிடுகிறார்கள். "ஏனுங்க பெரியவரே, நம்ம வேலியக் கொஞ்சம் கேட்டுச் சொல்றீங்களா?" ஐயன் உடனே கிளம்பமாட்டார். "சாயந்திரம் சேதி கேட்டுட்டு நாளைக்கு வரேன்" என்பார். அவர் இப்படி ஒருவரைக் காக்க வைத்துப் பார்த்து எனக்கு வருஷமாச்சு.

டவுனில் இருக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒரு பெட்டி கிடக்கலாம். எடுத்துக் கட்டை போட்டுப் பார்த்துவிட்டு, இரைச்சல்தான் வருது என்று திரும்ப வைத்துவிடாதீர்கள். மொட்டை மாடிக்கு, லிப்ட் மோட்டார் ரூமை விட்டுத் தள்ளி எடுத்துப் போய் ஒரு தடவை கேளுங்கள். கரண்ட் போன ராத்திரியில் கேளுங்கள். வீட்டுக்குள் ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்கிக் கேளுங்கள். எந்தப் பெட்டி கத்துகிறது என்று தெரிந்துகொள்வதே ஒரு படிப்பு. ஏரியல், டிரான்ஸ்பார்மர் எல்லாம் அதற்கப்புறம் செய்துகொள்ளலாம்.

எங்கள் பெட்டிக்கு இப்போது இரைச்சலில் மார்க் நாலு. மீதி இருப்பது எங்கேயோ அடிக்கிற இடியும் வானத்தின் சொந்த இரைச்சலும்தான், அதற்கு வளையம் மாட்ட முடியாது. ஒரு நாள் ராத்திரி சீனாக்காரப் பெண் பக்கத்து அறையில் பேசுகிற மாதிரி அவ்வளவு தெளிவாகப் பேசிக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்காவது அஞ்சு போடலாமுங்களா?" என்று கேட்டேன்.

"நாப்பது வருஷத்துல ஒருத்தனுக்கும் போட்டதில்ல" என்றார். "இரைச்சலே இல்லீன்னா பெட்டி ஆஃப்ல கெடக்குதுன்னு அர்த்தம்."